சந்நிதிக்குப் பின்னால ஆத்தங்கரையால வல்லை மட்டும் நடக்கலாமோ?

கொக்குவில் நடையன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னன், ஆனா கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேணும். இல்லாட்டி "உமக்கு வேற சோலி இல்லையோ" எண்டு கேப்பியள்.

மாசத்தில ரெண்டு வெள்ளிக்கிழமையாவது அம்மாவைத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு போறனான். அவவுக்கு வயது 71. காலமை போனா எண்டால் மத்தியானப் பூசை பாத்து, மடத்தில சாப்பிட்டு, தெரிஞ்ச ஆக்களோட இருந்து கதைச்சு முடிய ரெண்டு மணியாகும். எனக்கு அந்த நாலைஞ்சு மணித்தியாலம் போகாது. நம்பிக்கை இல்லாதவன் எண்டில்லை. என்ர கும்பிடு பத்து நிமிசத்தில முடிஞ்சிடும், அவ்வளவுதான். பேந்து பாத்தால் கச்சான் கடை, காப்புக் கடை, ஐஸ்கிறீம் வான், பஸ் ஹோர்ண், நாலு மூலையிலயும் ஸ்பீக்கர். ஐயா வாயைத் துணியால கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் இல்லாமல் பூசை செய்யிற கோயில் அது. உள்ளுக்கை அப்பிடி, வெளியில இப்பிடி.

போன வெள்ளி சனம் தாங்கேலாமல் ஆத்துப் பக்கம் இறங்கினன். எல்லாரும் கால் கழுவுற இடத்தால கொஞ்சம் தள்ளிப் போனால் பத்தைக்குள்ளால ஒரு ஒற்றையடிப் பாதை போகுது. முந்நூறு நாநூறு அடி நடந்திருப்பன், ஸ்பீக்கர் சத்தம் காத்தில கரைஞ்சு போச்சுது. ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் குட்டைக் குட்டையா மரங்கள், ஒரு சின்னக் காடு மாதிரி, அதுக்கங்கால வடலி. ஒரு மீன்கொத்தி என்னைக் கண்டும் பறக்கேல்லை. அந்த நேரம் பாத்து அம்மா போன் அடிச்சிட்டா. திரும்பிட்டன்.

கூகிள் மப்பில பாத்தால் ஆறு தெற்குப் பக்கமா வல்லைப் பாலம் மட்டும் போகுது. பாதை எண்டு ஒரு கோடும் இல்லை. கரையைப் பிடிச்சுக்கொண்டே வல்லைக்குப் போகலாமோ? போன வருசம் வேலையிடத்து ஆக்களோட எல்லவுக்குப் போய் லிட்டில் அடம்ஸ் பீக் ஏறினனான். கியூவில ஏறி, கியூவில நிண்டு படம் எடுத்து, கியூவில இறங்கினன். அப்பிடி ஒரு ஹைக்கிங் எனக்கு இனி வேண்டாம்.

மிதிவெடி, முதலை, பாம்பு, நாய். இதில எதுக்குப் பயப்பிட வேணும், எதை விடலாம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


புட்டும் சம்பலும்:

யாழ்ப்பாணத்தில ஆறோ? காடோ? அண்ணை, எங்களுக்கு ஆறு எண்டு இருக்கிறது வழுக்கையாறு ஒண்டு. அதுவும் மாரிக்கு மட்டும். தொண்டைமானாறு பேரில மட்டும்தான் ஆறு, உண்மையில கடல்நீரேரி. காடு எண்டு நீங்கள் சொல்லுறது இடுப்பளவு பத்தை. வெயிலுக்கை மண்டை பிளந்திடும். பேசாமல் மடத்துத் திண்ணையில மோர் குடிச்சிட்டுப் படுங்கோ.


கெருடாவில் பேரன்:

முதல்ல புட்டுத் தம்பிக்கு. உது ஆறில்லை எண்டு நீர் சொல்லுறது சரி. மலையில ஊத்தெடுத்து வாற ஆறில்லைத்தான். ஆனா பேரை மாத்தேலாது கண்டீரோ. சோழன் முதலாம் குலோத்துங்கனின்ர படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், கரணவாய் வெள்ளப்பரவைப் பக்கத்து உப்பை ஏத்திக்கொண்டு போகக் கப்பல் வரவேணுமெண்டு வெட்டி ஆழமாக்கின ஆறு எண்டுதான் கதை. கதை எவ்வளவு சரியோ, பேர் நிண்டிட்டுது. என்ர அப்பு உதில இறால் பிடிச்சு அஞ்சு பிள்ளையளை வளத்தவர். அவருக்கு அது ஆறுதான். எனக்கும் அப்பிடியே.

இனி நடையன் தம்பி, உமக்கு. போகலாம். நான் சின்னனில கனதரம் போனனான், போன வருசமும் ஒருக்காப் போனனான். ஆனா எப்ப போறதெண்டதுதான் முக்கியம், அதுக்கு இந்தத் தண்ணியின்ர குணம் தெரியவேணும்.

கடல்வாய்ப் பக்கம் கதவு போட்ட தடுப்பணை ஒண்டு நிக்குது, கண்டிருப்பீர். 1950களில கட்டினது, பிறகு பழுதாகித் திருத்தினது. கோடையில கடல் தண்ணி உள்ளுக்கு வராமல் மறிக்கவும், மாரியில வெள்ளம் மிஞ்சினால் கடலுக்கு விடவும்தான் உது. வருசா வருசம் மழைத்தண்ணி உள்ளுக்கை நிண்டு உப்பைக் கழுவிக் கழுவிக் கொஞ்சம் கொஞ்சமா நன்னீராக்கும், கரையில இருக்கிற கிணறுகளும் தெளியும் எண்டது கணக்கு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் அந்தக் காலத்தில போட்ட பெரிய திட்டத்தில உது ஒரு துண்டு. கனகராயன் ஆத்துத் தண்ணி ஆனையிறவு நீரேரியில போய்ச் சேருது. அதை முள்ளியானால வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குள்ள திருப்பி, இங்கால தொண்டைமானாறு மட்டும் கொண்டுவாறது. யாழ்ப்பாணத்துக்கு ஆறு வருகுது எண்டு நான் அரைக் காற்சட்டையோட திரிஞ்ச காலத்தில இருந்து கேக்கிறன். பென்சனும் எடுத்திட்டன், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

சரி, விசயத்துக்கு வாறன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி போகாதையும். கரை எது தண்ணி எது எண்டு தெரியாது. தைப்பொங்கல் முடிஞ்சு தண்ணி இறங்க இறங்கப் பாதை வெளிக்கும். மாசி நடுப்பகுதி திறம். பங்குனிக்குப் பிறகு வெயில் உம்மைக் கொண்டுபோடும். ஆடியில போனால் தண்ணி இருந்த இடத்தில வெள்ளை வெளேரெண்டு உப்புப் பூத்துக் கிடக்கும். வடிவுதான், ஆனா உது வேற நடை.

பாதை எண்டு ஒருத்தரும் போட்டதில்லை. இறாலுக்குப் போற ஆக்கள் நடந்தது, மாடு நடந்தது, ஆட்டுக்குக் குழை வெட்டப் போறவை நடந்தது. முதல் துண்டு நீர் கண்ட கண்டல் பத்தை. அது முடியப் பனங்கூடல். அதில வேலி வந்து மறிக்கும். மறிச்சால் படலையைத் திறந்து போகாதையும், ஒழுங்கையால சுத்திப் போய்த் திரும்பக் கரைக்கு வாரும். ஆரும் முத்தத்தில நிண்டால் "ஆத்தடிக்குப் போகலாமோ அம்மா" எண்டு ஒரு வார்த்தை கேட்டால் அவையே வழி காட்டுவினம். கேளாமல் போனால்தான் நாய் விடுவினம். கடைசித் துண்டு தரவை. மரம் இல்லை, நிழல் இல்லை, காத்து மட்டும். தூரத்தில வல்லைப் பாலத்தில வாகனம் போறது தெரியும், தெரிஞ்சு முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் போய்ச் சேருவீர். உதுதான் ஆக்களின்ர பொறுமையைச் சோதிக்கிற துண்டு.

முதலை நான் ஒருக்காலும் காணேல்லை. ஆனா வெள்ளத்தோட வரும் எண்டு சொல்லுவினம், அதால மாரித் தண்ணிக்கை இறங்க மாட்டன். பாம்பு இருக்கு, கால் நிலத்தில அதிர நடந்தால் விலத்திப் போகும். மிதிவெடி விசயம் பகிடியில்லை. சண்டை நடந்த நிலம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் குறுக்கால போற எண்ணம் வேண்டாம், வந்த காலடியிலயே திரும்பும். வெள்ளம் அரிச்ச இடத்தில துருப்பிடிச்ச இரும்பு ஏதும் கிடந்தால் தொடாதையும், தட்டிப் பாக்காதையும், 119க்கு அடியும். ஆக்கள் நடந்த தடத்தை விட்டு விலகாதையும். புதுப் பாதை கண்டுபிடிக்கிற ஆசை இருந்தால் எல்லவுக்கே போம்.

இன்னொண்டு. உந்தச் சந்நிதி வாசலில இருந்துதான் கதிர்காமப் பாதயாத்திரை வெளிக்கிடுறது. எழுபது வயது ஆச்சிமார் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு கிழக்குக் கரை முழுக்க நடந்து யால காட்டுக்குள்ளால போகினம். நீர் வல்லைக்குப் போகக் கேள்வி கேக்கிறீர்.


மூச்சுவேர்:

நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறனான். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு ரெண்டு தரம் வந்திருக்கிறன். பேரன் அண்ணை சொல்லாமல் விட்ட ஒண்டு இருக்கு, அது முதலையை விட முக்கியம்.

அந்தப் பத்தையில தில்லை எண்டொரு மரம் நிக்கும். இலை பளபளப்பா இருக்கும், முத்தின இலை விழ முதல் செம்மஞ்சளாகிச் சிவக்கும். வடிவா இருக்கெண்டு முறிச்சுப் பாக்கிறது, கொப்பைப் பிடிச்சு வளைக்கிறது, தடியா வெட்டி ஊண்டுறது ஒண்டும் செய்யாதேங்கோ. முறிச்ச இடத்தில பால் வடியும். தோலில பட்டால் கொப்பளிக்கும், கண்ணில பட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பார்வையே போகும். பட்டால் கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணியால கனநேரம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. முழுக்கைச் சேட்டும் ஒரு போத்தில் நல்ல தண்ணியும் குடிக்கிற தண்ணிக்குப் புறம்பா கொண்டுபோங்கோ.

மற்றது, "இடுப்பளவு பத்தை" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். காடு எண்டால் அண்ணாந்து பாக்கவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. இதுக்கு குனிஞ்சு பாக்கவேணும். கண்ணா மரத்தடியில சேத்துக்குள்ளால பென்சில் நட்டு வைச்ச மாதிரி நூற்றுக்கணக்கில குத்திக்கொண்டு நிக்கிறது அதின்ர மூச்சுவேர். சேத்துக்குள்ள காத்து இல்லை, அதால வேர் மேல வந்து மூச்சு விடுது. கண்ணா இலையின்ர மேல்பக்கத்தை நாக்கில வைச்சுப் பாத்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சின உப்பை இலையால வெளியில தள்ளுது. என்ர வகுப்புப் பெடியள் ஒருத்தரும் நம்பேல்லை, பிறகு 28 பேரும் வரிசையில நிண்டு நக்கினவை. தில்லையையும் கண்ணாவையும் பிரிச்சுத் தெரியாதவை நக்க வேண்டாம்!

மாசியில போனால் வலசை வந்த பறவையள் இன்னும் நிக்கும். வல்லைப் பக்கம் தண்ணி பரந்து கிடக்கிற இடத்தில பூநாரைக் கூட்டம் நிண்டால் உங்கட அதிர்ஷ்டம். இந்த நீரேரித் தொடுப்பின்ர மற்ற அந்தத்தில இருக்கிற சுண்டிக்குளத்தை 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கினவை, 2015இல தேசியப் பூங்காவாக்கினவை. இங்கால எங்கட அந்தத்தில வந்து இறங்கிறதுக்கு ஒரு பலகையும் இல்லை. கிட்டப் போய்க் கலைச்சுப் படம் எடுக்காதேங்கோ. ஒவ்வொரு தரம் எழும்பிப் பறக்கேக்கையும் அது திண்டு சேத்த பலம் வீணாப் போகுது.


ரொறன்ரோ வடை:

வாசிக்க வாசிக்க வயித்தெரிச்சலா இருக்கு. இங்க மைனஸ் 14. ஆரும் போனால் வல்லை வெளிக் காத்தை ஒரு நிமிசம் ரெக்கோர்ட் பண்ணிப் போடுங்கோ. படம் வேண்டாம், சத்தம் காணும்.


கொக்குவில் நடையன்:

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். போட்டு வந்திட்டன்.

காலமை ஏழரைக்கு அம்மாவை மடத்தில விட்டன். ஆத்தடியால வல்லைக்கு நடக்கப் போறன், பிறகு பஸ் பிடிச்சு வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னன். "மோட்டச்சைக்கிள் பழுதோ?" எண்டு கேட்டா. இல்லை, சும்மா எண்டன். பக்கத்தில இருந்த ஆச்சியிட்ட "இவனுக்கு ஏதோ நேத்தியாம்" எண்டு சொன்னது கேட்டுது. நானும் திருத்தேல்லை. நேத்தி எண்டால் ஒருத்தரும் மேற்கொண்டு கேக்க மாட்டினம்.

முதல் அரை மணித்தியாலம் நான் நினைச்ச மாதிரியே இருந்துது. ரீச்சர் சொன்ன மூச்சுவேர் பாத்தன். அதுக்கிடையில ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள், நான் நிண்டால் வெளியில வரும், அசைஞ்சால் அத்தனையும் ஒரே நேரத்தில ஓட்டைக்குள்ள. அதில கால் மணித்தியாலம் போட்டுது. கண்ணா இலை நக்கினன். உப்புத்தான். தில்லை எது எண்டு எனக்கு நிச்சயமாத் தெரியேல்லை, அதால சிவப்பு இலை கண்ட இடமெல்லாம் கையை மடக்கிக்கொண்டு நடந்தன், கலியாண வீட்டில புதுச் சேட்டுக்குக் கறி படாமல் போற மாதிரி.

ஆனா ஒண்டு சொல்லவேணும். "ஆருமில்லாத இடம்" எண்டு நினைச்சுத்தான் போனனான். அது பிழை. ஒரு வளைவில ஒரு ஐயா நெஞ்சளவு தண்ணிக்கை நிண்டு வீச்சுவலை எறிஞ்சுகொண்டு நிக்கிறார். நான் போன் எடுத்துப் படம் எடுக்க வெளிக்கிட, கையைக் காட்டி இரு எண்டார். இருந்தன். வலையை இழுத்து, இறாலை ஓலைப் பறிக்குள்ள தட்டிப் போட்டு, ஆறுதலாக் கரைக்கு வந்து, "ஆற்ற பெடியன்?" எண்டு கேட்டார். கொக்குவில் எண்டன். "அங்க தண்ணி இல்லையோ?" எண்டார். உது கேள்வியோ நக்கலோ எண்டு இன்னும் தெரியாது. என்ர நிழல் தண்ணியில விழுந்து இறால் கலையுது, அதுக்குத்தான் இருக்கச் சொன்னவராம். அவருக்கு அது வேலையிடம். எங்கட கந்தோருக்குள்ள ஆரும் புகுந்து "என்ன அமைதி" எண்டு படம் எடுத்தால் நான் என்ன சொல்லுவன்.

அவர்தான் பனங்கூடலுக்குள்ளால வழி சொன்னவர். பேரன் அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரியே வேலி மறிச்சுது. முதல் வேலியில ஒழுங்கையால சுத்தினன். ரெண்டாவதில சோம்பேறித்தனத்தில தண்ணிக் கரையால தாவிப் போகலாமெண்டு கால் வைச்சன். சுரி. முழங்கால் மட்டும் போட்டுது. காலை இழுத்தன், கால் வந்துது, இடது செருப்பு வரேல்லை. கையை விட்டுத் துழாவிப் பாத்தன், ஏதோ ஒண்டு ஊர்ந்துது, காணும் எண்டு விட்டிட்டன். புதுச் செருப்பு, தைப்பொங்கலுக்கு வாங்கினது. அந்த வீட்டு அக்கா ஒரு பிளாஸ்ரிக் வாளியில தண்ணி அள்ளித் தந்து, பழைய பாட்டாச் செருப்பு ஒரு சோடியும் தந்தா. ரெண்டு சைஸ் சின்னன். குதிக்கால் வெளியில நிக்க நிக்க மிச்ச வழி நடந்தன்.

தரவை பற்றி நீங்கள் எழுதினது குறைச்சல். பாலம் தெரியுது, நடக்கிறன், பாலம் அங்கயே நிக்குது. தொப்பியைக் காத்து ரெண்டு தரம் பறிச்சுது. பூநாரை தூரத்தில நிண்டது. ஐம்பதோ அறுபதோ, எண்ண ஏலாது. முதல்ல ஆரோ உடுப்புக் காயப் போட்டிருக்கினம் எண்டுதான் நினைச்சன். பிறகு அந்த உடுப்புக் கொடி அப்பிடியே ஒரு பக்கமாத் திரும்பிச்சுது. கிட்டப் போகேல்லை ரீச்சர். அதில ஒரு கல்லில இருந்து கொண்டுபோன புட்டுப் பாசலைத் திண்டன். தண்ணி மினுங்கினதும் காத்தும் தவிர ஒண்டுமில்லை. ரொறன்ரோ வடைக்கு ஒண்டரை நிமிசம் ரெக்கோர்ட் பண்ணினனான். கேட்டுப் பாத்தால் ரேடியோ ஸ்ரேசன் பிடிபடாத இரைச்சல் மாதிரிக் கிடக்கு, ஆனா தேவையெண்டால் அனுப்புறன்.

நிண்டு நிண்டு போனதில எல்லாமா மூண்டே கால் மணித்தியாலம். புட்டுத் தம்பி, மண்டை பிளக்கேல்லை, ஆனா பத்தரைக்குப் பிறகு நீங்கள் சொன்னதில கொஞ்சம் உண்மை இருக்கு. ஒண்டரை லீற்றர் தண்ணி முடிஞ்சுது. ஆறரைக்கே வெளிக்கிட்டிருக்க வேணும்.

வல்லை முனியப்பரடியில ஏறினன். வாகனங்கள் வந்து நிக்க நிக்க ஆக்கள் இறங்கிச் சில்லறை போட்டுக் கும்பிட்டிட்டு ஏறினம். நான் சேறு காயாத காற்சட்டையோட, பொம்பிளையளின்ர ஊதாப் பாட்டாவோட, தரவைக்குள்ளால வந்து ஏறுறன். ஒரு வான்காரர் என்னைப் பாத்திட்டு இன்னும் ஒரு இருபது ரூபா கூடப் போட்டவர். அச்சுவேலி மட்டும் பஸ், அங்க இருந்து ஓட்டோ. ஓட்டோக்காரர் சீற்றில பேப்பர் விரிச்சுத்தான் ஏத்தினவர்.

அம்மா மடத்து வாசலில இருந்தவ. முகத்தைப் பாக்கேல்லை, நேரா காலைத்தான் பாத்தா. "நேத்தி முடிஞ்சுதோ?" எண்டா. வாழையிலையில எனக்குச் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் கட்டி வைச்சிருந்தவ. புட்டுத் திண்டது ஒண்டும் சொல்லாமல் அதையும் சாப்பிட்டன். அந்த அக்காவின்ர பாட்டாவைக் கழுவி வைச்சிருக்கிறன், அடுத்த வெள்ளி திருப்பிக் குடுக்கவேணும். ஆனா அந்த வீட்டுக்கு ரோட்டால எப்பிடிப் போறதெண்டு தெரியாது, ஆத்தங்கரையால மட்டும்தான் தெரியும்.


கெருடாவில் பேரன்:

ரெண்டாவது வேலி எண்டால் கரையில சாஞ்ச பனை ஒண்டு நிக்கிற இடமோ? அந்தச் சுரிதான் என்ர அப்புவின்ர மண்வெட்டியையும் வாங்கினது. செருப்பு எங்கயும் போகாது. ஆடியில தண்ணி வத்தினாப் பிறகு வாரும், கிண்டி எடுப்பம்.